பதினேழாம் பாடத்தின் மூன்றாம் வரி

ஜூன் 3

அன்புச் சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். பயப்படாதே, சாக வேண்டியவர் போன வருடமே போய்விட்டார். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன், நான்காவது நிமிடம் நீ அழுவாய், அப்புறம் முதலில் போனை வைத்தது யார் என்று ஆறு மாதம் சண்டை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்பாவின் பியானோ என் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாவது மாடி. லிஃப்டில் நுழையாது, நான்கு பேர் படியில் தூக்கி வந்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருத்தன் கையை நழுவ விட்டான். பியானோ சுவரில் இடித்து, உள்ளே இருக்கிற கம்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவனைச் சுவரோடு சாய்த்து ஓங்கி ஒரு குத்து விட்டேன். மூக்கு உடைந்தது. மற்ற மூன்று பேரும் பியானோவைப் படியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே ஓடி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுபடியும் தூக்க வைத்தேன். மூக்குடைந்தவனும் சேர்ந்துதான் தூக்கினான், பாவம், சட்டை முழுக்க ரத்தம். அப்பாவின் பியானோவுக்கு ரத்தம் ஒன்றும் புதிதில்லையே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் வாண்டுவுக்கு அடுத்த மாதம் எட்டு வயது முடிகிறது. ஜூலை இருபதாம் தேதி அவள் பள்ளியில் ஆண்டு விழா. மேடையில் வாசிக்க அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். பதினேழாம் பாடம்! சிவப்பு அட்டைப் புத்தகம் நினைவிருக்கிறதா? அதேதான். நானே சொல்லிக் கொடுக்கிறேன். உன் அண்ணி வேலை பார்க்கும் மருத்துவமனை இங்கிருந்து இரண்டு நாள் பயணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். வீட்டில் நானும் வாண்டுவும்தான். கிடங்கில் சரக்கு ஏற்றும் ஆட்களை மேய்த்துவிட்டு வந்து, மாலையில் இவளை மேய்க்கிறேன்.

அப்பா ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் சிவப்பு மையில் விரல் எண் போட்டு வைத்திருப்பாரே, கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என்று. பதினேழாம் பாடத்தில் மூன்றாம் வரி மட்டும் தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது. எந்தெந்த விரல் என்று தெரியவில்லை. எந்த விரலில் அப்பாவின் ஸ்கேல் அடி விழுந்தது என்று யோசித்தால் எண் நினைவுக்கு வரும் என்று உட்கார்ந்து யோசித்தேன். எல்லா விரலிலும்தான் விழுந்திருக்கிறது, அதனால் பயனில்லை. என் வலது சுண்டுவிரல்தான் நிமிராதே, வாசித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

நீதான் பியானோ டீச்சர். அந்த வரிக்கு எண் எழுதி அனுப்பு. உடனே.

உன் அண்ணன்

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம், அதுவும் விரல் எண் கேட்டு. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்டிருந்தால் உன் பேனா தேய்ந்தா போயிருக்கும்? நன்றாகத்தான் இருக்கிறேன். பள்ளியில் இந்த வருடம் முப்பத்தொரு பிள்ளைகள் பியானோ படிக்கிறார்கள். நாற்பதை நெருங்கும் என்னைச் சுண்டு என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருவன்தான் பாக்கி. அதையாவது விடாமல் கூப்பிடு.

மூக்குடைந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டாயா? நீ அதை எழுதியிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. படித்தபோது சிரிப்பு வந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

விரல் எண் தருகிறேன். ஆனால் அப்பாவுடையதைத் தர மாட்டேன். மூன்றாம் வரியில் வலது கை எட்டுக் கட்டை தூரம் விரிந்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அடுத்தடுத்து நான்கு முறை. வாண்டுவுக்கு அது வேண்டாம். அந்த வரியில் இடது கை சும்மாதான் இருக்கிறது, கீழ்ச் சுரங்களை அதற்குக் கொடுத்துவிடு. வலது கைக்கு மேல் சுரங்கள் மட்டும்: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இந்த எண்களைக் கடைசிச் சுரத்திலிருந்து பின்னோக்கி வந்து போட்டேன். கை கடைசியில் எங்கே போய் நிற்க வேண்டும், அங்கே எந்த விரல் இருந்தால் அடுத்த வரிக்குச் சுலபமாகத் திரும்பலாம் என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய விரல், அதற்கும் முந்தைய விரல் என்று இறங்கி வர வேண்டும். முதல் சுரத்திலிருந்து கிளம்பினால் பாதி வழியில் விரல் தீர்ந்துபோகும்.

பென்சிலில் எழுது, பேனா வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலும் சரியானதாகத்தான் தெரியும். ஒரு முறையாவது வேகமாக வாசிக்கச் சொல்லிப் பார். இடித்தால் அழித்துவிட்டு வேறு விரல் போடு. நான்கைந்து நாளில் ஒரு முடிவுக்கு வந்த பிறகு மட்டும் மாற்றாதே.

இன்னொன்று. அவளுடைய வலது கையை ஒரு தாளில் வைத்து, விரல்களை முடிந்த மட்டும் விரிக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. புதிதாகச் சேரும் எல்லாப் பிள்ளைகளிடமும் இதை வாங்குவேன். கையைப் பார்க்காமல் எண் போடுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போலத்தான்.

சிவப்பு அட்டைப் புத்தகம் என்று படித்ததும் என்னென்னவோ நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா பக்கத்து அறையில் இருந்தபடி, "நாலாவது விரல் போடாம மூணாவது போட்டியா? எனக்குக் காதுலயே தெரியும்"னு கத்துவாரே. எத்தனை வருடம் அதை நம்பினோம்! அலமாரிக் கண்ணாடியில் நம் கை தெரிந்துகொண்டிருந்தது என்பதை நான் பன்னிரண்டு வயதில்தான் கண்டுபிடித்தேன். நான் தப்பு செய்யும்போதெல்லாம் நீ வேண்டுமென்றே இன்னும் பெரிய தப்பாகச் செய்வாய், ஸ்கேல் உன் பக்கம் திரும்பும். நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்த அன்றும் "நான்தான் கிழிச்சேன்"னு நீதான் சொன்னாய். "எந்தக் கையால?"ன்னு கேட்டார். வலது கையை நீட்டினாய். அந்தக் கையைக் கட்டைகளின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு மூடியை ஓங்கிச் சாத்தினார். உனக்குப் பதினோரு வயது, எனக்கு எட்டு. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், கோபப்படாதே. அவள் பக்கத்தில் உட்காரும்போது உன் கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா?

அன்புடன்,
சுண்டு

*

ஜூன் 22

சுண்டுவுக்கு,

வைத்திருக்கிறேன். டீ கிளாஸ். போதுமா?

நீ கேட்ட கை இதோடு இருக்கிறது. ஒரு நிமிடம் கையை ஆட்டாமல் வைத்திருக்க மாட்டேன் என்கிறாள், அட்டை மாதிரி நெளிகிறாள்.

இந்த வாரம் கிடங்கில் பெரிய ரகளை. புதிதாகச் சேர்ந்த ஒரு தடியன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா நான் தூக்கணுமா?"ன்னு கேட்டான். கையில் இருந்த பலகையாலேயே வாயில் ஒரு போடு போட்டேன். இரண்டு பல் கீழே விழுந்தது. ஒன்று கிடைத்தது, இன்னொன்றை அவனே விழுங்கிவிட்டான் போலிருக்கிறது. முதலாளி கூப்பிட்டு எச்சரித்தார். எச்சரிக்கட்டும். அதற்குப் பிறகு மூட்டைகள் எப்படிப் பறக்கின்றன தெரியுமா! அடி உதவுகிற இடத்தில் வேறு எதுவும் உதவாது, இது என் அனுபவம்.

நீ எழுதிய எண்களை வாண்டுவிடம் காட்டவில்லை. வலது கைக்கு உள்ளதை இடது கைக்குத் தள்ளிவிடுவது ஏமாற்று வேலை. ஒரு கை வாசிக்க வேண்டியதை இரண்டு கைக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்பாயா? தவிர, உன் எண்கள் எனக்குத் தேவையும் இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மை போனாலும் பேனா அழுத்திய தடம் போகவில்லை. அப்பா எழுதும்போதும் அடிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். ஒன்றும் ஐந்தும், ஒன்றும் நான்கும், ஒன்றும் ஐந்தும், ஒன்றும் ஐந்தும். அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டேன்.

முதல் இரண்டு வரியையும் வாண்டு தண்ணீராக வாசிக்கிறாள். கேட்டால் நீயே அழுதுவிடுவாய். மூன்றாம் வரி வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். என்னையும் பார்ப்பதில்லை, பியானோவையும் பார்ப்பதில்லை. ஒரு முறை இல்லை, பதினைந்து நாளாக இதே கதை. இது திமிர் இல்லாமல் வேறென்ன? முந்தாநாள் ஒரு தட்டு தட்டினேன். தட்டுதான். அடி என்றால் என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், இது அதில் சேர்த்தியே இல்லை.

அவளும் உனக்கு ஒரு வரி எழுத வேண்டுமாம். எழுதட்டும், நான் படிக்கவில்லை.

உன் அண்ணன்

அத்தை, நான் வேணும்னு பண்ணல. விரல் அங்க போக மாட்டேங்குது. அப்பாகிட்ட சொல்லுங்க.

*

ஜூன் 27

அண்ணா,

உன் கடிதம் காலையில் வந்தது. வகுப்பு முடிந்ததும் வாண்டுவின் கைப்படத்தைக் கத்தரித்து எடுத்துப் பியானோவின் மேல் வைத்தேன். கட்டைவிரலைக் கீழ்ச் சுரத்தில் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஆறாவது கட்டையில் நின்றுவிடுகிறது. எட்டாவது கட்டை வேண்டும். இரண்டு கட்டை குறைகிறது, அண்ணா. நீ எத்தனை நாள் உட்கார வைத்தாலும், என்ன மிரட்டினாலும், அந்த இரண்டு கட்டை இந்த வருடம் வராது. அவள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள். விரல் அங்கே போகாது.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று பதினைந்து வருடமாக யோசித்து யோசித்துச் சொல்லாமலே இருந்துவிட்டேன். சிவப்பு அட்டையின் உள்பக்கத்தைப் பிரித்துப் பார். அப்பாவின் பெயரும் ஒரு வருடமும் எழுதியிருக்கும். அது நீ பிறப்பதற்கு ஒன்பது வருடம் முந்தி. அந்த எண்கள் அவருடைய கைக்காக அவரே போட்டுக்கொண்டவை. அவர் இறந்த அன்று கைகளை நெஞ்சின் மேல் எடுத்து வைத்தவள் நான்தான். யாரும் பார்க்காதபோது என் உள்ளங்கையை அவர் உள்ளங்கையோடு சேர்த்துப் பார்த்தேன். என் விரல்கள் அவருடையதற்கு ஒரு கணு கீழேயே முடிந்துவிட்டன. பத்துக் கட்டை எட்டுகிற கை அது. அந்தக் கைக்கு எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். எட்டவில்லை என்று அடித்தார். நாம் தப்பே செய்யவில்லை. உன் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் எட்டாத கைக்கு விழுந்த அடி. அவருக்கு இது தோன்றவே இல்லையா, தோன்றியும் அடித்தாரா, எனக்குத் தெரியாது.

உனக்கு இது வலிக்கும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் வேறொருத்திக்கு வலிக்கும்.

அந்தக் கைப்படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். நான்கு விரல்களின் கோடு நேராகப் போய் நேராகத் திரும்புகிறது. மோதிர விரலில் மட்டும் நடுக் கணுவுக்கு வந்ததும் கோடு இரண்டு பக்கமும் வெளியே புடைத்துவிட்டு உள்ளே வருகிறது. பென்சில் நழுவிவிட்டதோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நழுவவில்லை. அந்த விரல் வீங்கியிருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளின் கைப்படம் என் மேசையில் இருக்கிறது, ஒன்றில்கூட இப்படி இல்லை.

எதால் அடித்தாய்?

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அவர் என்ன சொன்னார் என்று எழுது. பயிற்சியை நிறுத்து. விழாவில் முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து வரட்டும், யாரும் தலையை வாங்க மாட்டார்கள். உன்னிடமிருந்து பத்து நாளுக்குள் நல்ல பதில் வரவில்லையென்றால் அண்ணிக்குச் சொல்வேன், நானும் கிளம்பி வருவேன்.

உன் தங்கை

*

ஜூலை 4

டீச்சரம்மாவுக்கு,

கதவு இடுக்கு. விரல் கதவு இடுக்கில் மாட்டியது. டாக்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். துணி சுற்றியிருக்கிறேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாளாம்! பெற்றவனை விட உனக்கு அக்கறையோ? உனக்கென்று ஒன்றைப் பெற்று வளர்த்துப் பார், அப்புறம் எழுது.

அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தேன். நீ சொன்ன வருடம்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? சுத்தியலை எடுத்துப் பியானோவின் மூடியை அடித்து நொறுக்கினேன். கீல் பிய்ந்துகொண்டு வரும்வரை அடித்தேன். உள்ளங்கை கிழிந்து கட்டையெல்லாம் ரத்தம். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சுத்தியலோடு போய்த் திறந்தேன், பார்த்ததும் இறங்கிப் போய்விட்டார். கட்டைகளை மட்டும் உடைக்கவில்லை. அவள் வாசிக்க வேண்டுமே.

எட்டாத கைக்கு விழுந்த அடி என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய். அப்படியென்றால் நான் எதற்கு அத்தனையும் வாங்கினேன்? சொல்லு! சும்மாவா? ஏழு வருடம் சும்மா வாங்கினேனா? அப்படி இருக்க முடியாது. எனக்குப் பத்து வயதில் எட்டியது. நன்றாக நினைவிருக்கிறது. முதலில் எட்டவில்லை, அடி விழ விழ விரல் விரிந்தது. விரிகிற வரைக்கும் விட்டுக்கொடுக்காமல் அடித்தார், அவ்வளவுதான். நீ முப்பத்தொரு பேரையும் கொஞ்சிக் கொஞ்சிக் கெடுக்கிறாய். அதுகளில் ஒன்றாவது பதினேழாம் பாடம் ஒழுங்காக வாசிக்குமா?

வாண்டுவின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் பிடித்து நானே விரித்துக் காட்டினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அலறினாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று நானும் சேர்ந்து அலறினேன். கையை உதறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் புகுந்தாள். காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். நேற்று ஏழாவது கட்டை தொட்டுவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. இந்த வாரம் பள்ளிக்கும் அனுப்பவில்லை, முழு நாளும் பயிற்சி.

நீ வராதே. வந்தால் மூன்றாவது மாடியிலிருந்து உருட்டிவிடுவேன். சுண்டுவிரல் வளைந்த கையால்தான் உருட்டுவேன். அது யாருக்காக வளைந்தது என்று உருளும்போது நினைத்துப் பார்.

அண்ணன்

*

ஜூலை 24

என் அன்புச் சுண்டு,

இங்கே பேனா கொடுக்க மாட்டார்கள், பென்சில்தான். அறையில் ஆறு பேர். நேற்று ஒருத்தன் என் விலாவில் உதைத்தான். மூச்சு விட்டால் குத்துகிறது, நானும் திருப்பிக் கொடுத்தேன். அது கிடக்கட்டும். உன் பல் எப்படி இருக்கிறது? கதவைத் திறந்ததும் நீ நிற்கிறாய், பின்னால் உன் அண்ணி, இரண்டு போலீஸ். நான் பார்த்தது உன்னை மட்டும்தான். என் கை தானாகப் போய்விட்டது. ஸ்கேல் கையில் இருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு. சின்ன வயதில் உன் மேல் ஒரு அடி விழ விட்டிருப்பேனா? என் கையாலேயே விழுந்துவிட்டது.

வக்கீல் வந்து பேசினார். வாண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். யார் கேட்டாலும் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாளாம். எலும்பு முறிந்தது கதவு இடுக்கினாலும் இருக்கலாம் என்று மருத்துவமனை டாக்டர் எழுதியிருக்கிறார். உன்னை அடித்ததற்குக் கொஞ்ச நாள் உள்ளே இருக்க வேண்டி வரும், அது பரவாயில்லை என்கிறார். மற்றது முழுக்க உன் கையில் இருக்கிறது. நான் உனக்கு எழுதிய கடிதங்களும் அந்தக் கைப்படமும் போலீஸிடம் போனால் வாண்டுவை எனக்கு இனிமேல் தரவே மாட்டார்கள். பார்க்கவும் விட மாட்டார்கள்.

கிழித்துப் போட்டுவிடு, சுண்டு. ஒரு நிமிட வேலை. கேட்டால் கதவு இடுக்கு என்றுதான் அண்ணன் சொன்னான் என்று சொல்லு. நான் அதை எழுதியும் இருக்கிறேனே, அது பொய்கூட இல்லை. அன்று நீ கிழித்ததை நான் கிழித்தேன் என்று சொன்னேன். உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன்.

எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவளுக்கும் என்னை விட்டால் யார்? அவளை அடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. மேடையில் அவள் வாசித்து, எல்லாரும் கை தட்டி, அப்பாவின் பியானோவிலிருந்து ஒரு நல்ல விஷயம் வந்ததாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதுதான்.

உன்னையே நம்பியிருக்கும்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

முன்பல் ஒன்று போய்விட்டது. மேலுதட்டில் நான்கு தையல். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார்கள், நானே முதலில் சிரித்துக் காட்டிவிட்டேன். அதைப் பற்றி இனிமேல் எழுதாதே, எனக்கு அது பெரிதில்லை.

வாண்டுவைப் பற்றிச் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். மோதிர விரல் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, முதல் முறிவுக்கு மூன்று வாரம் ஆகியிருந்ததாம். சுண்டுவிரல் அடிக் கணுவில் பிசகி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை கிழிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாங்கள் வந்த அன்று அவள் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு கிடந்தாள். அண்ணி தரையில் படுத்துக் கையை நீட்டிக் கூப்பிட்டாள். கால் மணி நேரம் ஆனது வெளியே வர. வந்ததும் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? பியானோ முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். யாராவது வீட்டுக்கு வந்தால் வாசிக்கச் சொல்வாய் போலிருக்கிறது. அந்தக் கையோடு உட்கார்ந்துவிட்டாள், அண்ணா. அங்கே நின்றிருந்த பெண் போலீஸ் அழுதுவிட்டார்.

பத்து வயதில் உனக்கு எட்டியதாக எழுதியிருந்தாய். எட்டவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒன்றைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கி மேலே ஒன்றைத் தட்டுவாய், அதற்கும் அடி விழும். பதினோரு வயதில் விரல் உடைந்த பிறகுதான் உன்னை விட்டார். விரிந்ததால் விடவில்லை, இனிமேல் விரியவே விரியாது என்பதால் விட்டார்.

இப்போது வாண்டுவும் அண்ணியும் என்னோடு இருக்கிறார்கள். பத்து நாள் அவள் பேசவே இல்லை. போன சனிக்கிழமை நான் ஒரு மாணவிக்காகப் பாடத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அத்தை, அப்பாவுக்கு எட்டுமா?"

"அப்பாவோட சுண்டுவிரல் வளைஞ்சிருக்குல்ல, அதனால அவருக்கும் எட்டாதுடா."

என் பென்சிலை எடுத்துக்கொண்டாள். "அப்ப அவர யாரு அடிக்கிறாங்க?"

 எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காகத்தான் அழுதேன், அதையும் தெரிந்துகொள்.

நம் வீட்டில் ஸ்கேல் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிடுவாள். பாத்திரமே இருக்காது, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். உன் விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், "விளையாடினியா?"ன்னு கேட்டுவிட்டு உன் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உன் வகுப்பு டீச்சர் இடது கையால் எழுதப் பழகிக்கொள் என்றார். மாடிவீட்டுக்காரர்களுக்கு எல்லாம் கேட்டது. எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒருவரும் வரவில்லை. நீ எனக்காக வந்தாய், உனக்காக ஒருவரும் வரவில்லை. அன்று யாராவது ஒருவர் கதவைத் தட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நீ இன்று யாராக இருந்திருப்பாய் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

கடிதங்களைக் கிழிக்கச் சொன்னாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே போலீஸிடம் கொடுத்துவிட்டேன். மூன்றையும். கைப்படத்தையும். இப்போது வந்த இதையும் நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் உனக்கு எழுதியவை உன் மேசை இழுப்பறையில் இருந்தன, அவற்றையும் எடுத்துவிட்டார்கள். நான் பதினைந்து வருடம் சொல்லாமல் இருந்ததும் அதில் இருக்கிறது. அதற்கும் பதில் சொல்வேன்.

பதினான்காம் தேதி விசாரணை. உன் வக்கீல் என்னிடம், நீங்கள் அவரால் காப்பாற்றப்பட்டவர்தானே என்று கேட்பாராம், அரசு வக்கீல் சொன்னார். ஆமாம் என்பேன். அதை முழுவதுமாகச் சொல்வேன், நீ வாங்கிய ஒவ்வொரு அடியையும் சொல்வேன். பிறகு வாண்டு வாங்கியதையும் அதே குரலில் சொல்வேன். நீ எதிரே உட்கார்ந்திருப்பாய். உன்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடுவேன்.

உன் தங்கை